கண்ணுக்கு வெயில் பக்கவாட்டில் வருகிறது: காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

என் பெரியம்மாவுக்குக் கீழ் இமையில் மிளகு அளவில் ஒரு கட்டி வந்தது. வலி கிடையாது. மேலே பொருக்குத் தட்டும், உதிரும், லேசாக ரத்தம் கசியும், ஆறிவிட்டது போல் தோன்றும், மறுபடி அதே இடத்தில் பொருக்கு. கண்கட்டிதான் என்று களிம்பு போட்டே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் அப்போது தெரியாது. கடைசியில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்தபோது இமைத் தோல் புற்று என்று முடிவு வந்தது. அறுவை செய்து இமையைச் சீரமைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

முப்பது வருடம் திறந்த வெளியில் நின்று வேலை பார்த்தவர். தொப்பியோ கண்ணாடியோ அணிந்ததே இல்லை. அணியுங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை நான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கண்ணையும் வெயிலையும் சேர்த்து இதுவரை யோசித்தே பார்க்காதவர்களுக்காக, எங்கிருந்து தொடங்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

வெயிலில் எது கண்ணைத் தொடுகிறது?

கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் கண்ணைக் கெடுக்கும் கதிரும் ஒன்றல்ல. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. கெடுதல் செய்வது பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர். கடையில் ‘யூவி’ என்று சொல்வது இதைத்தான். அதில் மூன்று வகை உண்டு. 100 முதல் 280 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளது யூவிசி. அதை ஓசோன் படலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 வரை யூவிபி. அதில் பெரும்பகுதி மேலேயே வடிகட்டப்பட்டு, மிச்சம் கீழே வருகிறது. 315 முதல் 400 வரை யூவிஏ. தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் இதுதான்.

கண்ணுக்குள் இந்தக் கதிர்களை ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்கிறது. கருவிழியின் முன்னால் தெளிந்த படலமாக இருக்கும் கார்னியா யூவிபியின் பெரும்பகுதியை உறிஞ்சும். அதையும் தாண்டி வருவதை உள்ளே இருக்கும் லென்ஸ் உறிஞ்சும். பெரியவர்களின் கண்ணில் விழித்திரை வரை போய்ச் சேருவது மிகக் குறைவு. விழித்திரையைக் காப்பாற்ற லென்ஸ் தானே அடி வாங்குகிறது என்று சொல்லலாம். அந்த அடி பல வருடம் சேரும்போது லென்ஸ் மங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாகிறது.

என்னென்ன கேடு வரும்?

சில கேடுகள் ஒரே நாளில் வரும். பனிமலையிலோ, திறந்த நீர்ப்பரப்பிலோ, வெல்டிங் பொறியின் அருகிலோ காப்பு இல்லாமல் இருந்தால் கார்னியாவின் மேல்தோல் வெந்துபோகும். வெயிலில் தோல் கன்றிப்போகிறதே, அதே மாதிரி. உடனே தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றுவது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூங்கப்போகும் நேரத்தில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தலும் வலியும் நீர்வடிதலும் தொடங்கும். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாளில் ஆறிவிடும். அதுவரை காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணைத் தேய்க்க வேண்டாம், இருட்டறையில் ஈரத்துணியை மூடிய இமைமேல் போட்டுக்கொண்டு ஓய்வெடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டில் போட்டுக்கொள்ளவே கூடாது. வலி நிற்கும், ஆனால் புண் ஆறுவது தடைப்பட்டுக் கார்னியாவே பாழாகக்கூடும்.

மெதுவாக வருபவை வேறு. வெண்விழியிலிருந்து ஒரு சதை, முக்கோண வடிவில், கருவிழியை நோக்கி வளரும். இது புற்று இல்லை. ஆனால் கருவிழியின் மேல் ஏறினால் பார்வையைக் கெடுக்கும். அடுத்தது கண்புரை. வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் எல்லாம் அதற்குக் காரணம்தான். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகில் தொழில் செய்யும் 838 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. வாழ்நாளில் கண்ணில் விழுந்த யூவிபியின் மொத்த அளவு இருமடங்கானால், லென்ஸின் ஓரத்திலிருந்து தொடங்கும் கார்டிகல் வகைக் கண்புரையின் அபாயம் 1.6 மடங்காகிறது என்று அதில் கண்டார்கள்.

இனி புற்றுக்கு வருவோம். இதில் பயமுறுத்துவதும் தவறு, மூடி மறைப்பதும் தவறு. சூரியக் கதிர்வீச்சைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1992இலேயே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. கண்ணைச் சுற்றி அதன் கைவரிசை தெளிவாகத் தெரிவது இமைத் தோலில். பேசல் செல் புற்று எனப்படும் அடிச்செல் புற்று அதிகமாக வருவது கீழ் இமையிலும், அதற்கு அடுத்தபடியாக மூக்கை ஒட்டிய கண் ஓரத்திலும். அது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் அங்கேயே ஆழமாக அரித்துக் கண்குழிக்குள் போய்விடும். செதில் செல் புற்று இமையிலும் வரும், வெண்விழியின் மேல்படலத்திலும் வரும்; அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு உறுதியானது. கண்ணுக்குள்ளே வரும் மெலனோமா, அதாவது நிறமிச் செல் புற்று விஷயத்தில் மட்டும் இயற்கை வெயிலின் பங்கு அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. வெளிர்நிறக் கண் உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. வெல்டிங் கதிர் கண் மெலனோமாவை உண்டாக்குகிறது என்பதையோ அதே முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

‘எனக்குக் கறுத்த தோல், எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கறுத்த தோலில் இமைப் புற்று குறைவு என்பது உண்மைதான். குறைவு என்றால் இல்லை என்று பொருள் இல்லை. தோலின் கறுப்பு லென்ஸை மூடிக்கொள்வதும் இல்லை. கண்புரையும் சதை வளர்ச்சியும் எல்லா நிறத்தவருக்கும் தாராளமாக வருகின்றன. இன்னொன்று, ஆசிய மக்களிடம் இமையில் வரும் புற்றுகளில் நெய்ச்சுரப்பிப் புற்றின் பங்கு அதிகம். வெயிலோடு அதன் தொடர்பு அடிச்செல் புற்றின் அளவுக்கு உறுதியானதல்ல. ஆனால் அதுவும் பார்வைக்குக் கண்கட்டி போலவே இருந்து ஏமாற்றும் என்பதால், பின்னால் சொல்லப்போகும் கவனிப்பு எல்லோருக்கும் பொருந்தும்.

முதல் படி: கண்ணின் வெயில் நேரத்தைத் தெரிந்துகொள்வது

‘உச்சி வெயிலில் போகாதே’ என்பது தோலுக்குச் சரியான அறிவுரை. கண்ணுக்கு அது பாதிதான் சரி. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது புருவ எலும்பும் மேல் இமையும் கண்ணுக்குக் கூரை மாதிரி நிற்கின்றன. நாமும் அந்த நேரத்தில் மேலே பார்ப்பதில்லை. காலையிலும் பிற்பகலிலும் சூரியன் சரிந்து நிற்கும்போதோ கதிர் நேராகக் கண்ணுக்குள் வருகிறது.

இது வெறும் யூகம் கிடையாது. ஜப்பானின் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி சசாகியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பொம்மைத் தலையின் கண் இருக்கும் இடத்தில் உணர்கருவி பொருத்தி அளந்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த முடிவின்படி, சூரியன் நன்கு உயரும் பருவத்தில், சூரியனை நோக்கியிருக்கும் கண்ணில் யூவிபி அதிகமாக விழுவது நண்பகலில் இல்லை; அதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் உச்சத்துக்குப் போகிறது. சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் நிற்கும் நேரங்கள் அவை. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இன்னும் ஏறவில்லை, வெயில் இறங்கிவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுகிற அதே நேரங்கள்.

வானிலைச் செயலிகளில் யூவி குறியீடு என்று ஒரு எண் வரும். 2 வரை குறைவு, 3 முதல் 5 மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 மிக அதிகம், 11ம் அதற்கு மேலும் தீவிரம். 3 ஆகிவிட்டால் காப்புத் தேவை. அதைப் பார்க்கும் பழக்கம் நல்லது, நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த எண் தரையில் கிடைமட்டமாக விழும் கதிரைக் கொண்டு, தோல் கன்றுவதை மனதில் வைத்துக் கணக்கிடப்படுவது. கண்ணுக்கு அதைக் குறைந்தபட்சக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். என் பழக்கம் இதுதான்: பகலில் கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கப்போகிறேன் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டே கிளம்புவேன், மணியைப் பார்ப்பதில்லை. மேகம் மூடியிருந்தாலும் அப்படித்தான். மெல்லிய மேகம் கூச்சத்தைக் குறைக்குமே தவிர, புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை விட்டுவிடும்.

இரண்டாம் படி: கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பதற்கும் எவ்வளவு யூவியைத் தடுக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பு என்பது சாயம். யூவியைத் தடுப்பது லென்ஸ் செய்த பொருளும் அதில் சேர்த்த அல்லது பூசிய காப்பும். நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடிகூட யூவியை முழுவதும் தடுக்கலாம். கன்னங்கரேல் என்று இருக்கும் கண்ணாடி தடுக்காமலும் போகலாம். பிந்தையதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி அகலமாகத் திறந்துகொள்ளும். கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பான தற்காப்பும் நின்றுவிடும். நல்லவேளையாக, பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் லென்ஸ்கள் பொருளின் தன்மையிலேயே யூவியைப் பெருமளவு தடுக்கின்றன. ஆனாலும் எதனால் செய்தது என்று தெரியாத கண்ணாடியை நம்பி இறங்க வேண்டாம்.

வாங்கும்போது ‘யூவி400’ அல்லது ‘100% யூவி காப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 400 என்பது 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்பதன் அடையாளம். அதாவது யூவிஏ, யூவிபி இரண்டுமே அதில் அடங்கிவிடும். வெயில் கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 12312-1. ஒட்டியிருக்கும் சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம் என்பதும் உண்மை. அதனால் கண்ணாடிக் கடைகளில் இருக்கும் யூவி மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஏற்கனவே வீட்டில் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம். ஊதா டார்ச்சை லென்ஸ் வழியாக ரூபாய் நோட்டில் அடித்துப் பார்க்கும் பரிசோதனையை நம்பாதீர்கள். சாதாரண ஊதா டார்ச்சுகள் பலவும் 395 நானோமீட்டர் அருகில் ஒளிர்பவை. நல்ல லென்ஸ்கூட அந்த விளிம்பில் கொஞ்சம் ஒளியை விடலாம். விலையைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் ஃபிரேமுக்கும் பெயருக்கும் கொடுப்பது.

கறுப்பின் அளவைக் குறிக்க 0 முதல் 4 வரை வகை எண் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதன் கணக்கு. வழக்கமான வெயிலுக்கு வகை 3 போதும். 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை விடும். வகை 4 பனிமலைக்கும் உயரமான சிகரங்களுக்கும் உரியது. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

போலரைஸ்டு என்று சொல்வது நீர்ப்பரப்பு, தார்ச்சாலை போன்ற கிடைமட்டப் பரப்புகளிலிருந்து எதிரொளிக்கும் கூச்சத்தை வெட்டுவதற்கு. வண்டி ஓட்டுபவர்களுக்கு மிகவும் இதமானது. ஆனால் அது யூவி காப்பு இல்லை. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ்கள் பொதுவாக உள்ளேயும் வெளியேயும் யூவியைத் தடுப்பவை. அவை கறுப்பதே யூவி படுவதால்தான், அதனால் காருக்குள் பெரும்பாலானவை சரியாகக் கறுக்காது. கடும் வெப்பத்திலும் அவ்வளவாகக் கறுக்காது. பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து ஃபிரேம். என் பார்வையில் லென்ஸுக்குச் சமமான முக்கியத்துவம் இதற்கு உண்டு, ஆனால் கடையில் அழகைத் தவிர வேறு எதையும் யாரும் பேசுவதில்லை. பக்கவாட்டிலிருந்து வரும் கதிரை நம் கார்னியாவின் வளைவு ஒரு பூதக்கண்ணாடி போலக் குவித்து, கண்ணின் எதிர்ப்புற ஓரத்தில், அதாவது மூக்குப் பக்கமாகப் பாய்ச்சுகிறது. ஆஸ்திரேலிய கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதை விளக்கிக் காட்டினார். குவியும் இடத்தில் கதிரின் செறிவு 20 மடங்கு வரை கூடும். வெண்விழிச் சதை ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே வளர்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. முன்னால் மட்டும் மறைக்கும் சின்ன வட்டக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுக்கவே தடுக்காது. போதாததற்குப் பின்பக்கத்திலிருந்து நுழையும் வெளிச்சம் லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பவும் செய்யும்.

ஆகவே முகத்தை ஒட்டி வளைந்து போகும் ஃபிரேமையோ, அகலமான காது தண்டு உள்ளதையோ எடுங்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பாருங்கள்: புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறதா, கன்னத்தின் மேல்பகுதி வரை மறைகிறதா, மூக்கில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா? இறங்கினால் திருகி இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் புதிதாக மாற்றும்போது யூவி400 காப்போடு கேட்டு வாங்கலாம். மேலே மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கிளிப் முன்பக்கத்துக்கு மட்டும் உதவும். பவர் கண்ணாடியின் மேலேயே அணியும் பெரிய மூடு கண்ணாடி பக்கவாட்டையும் சேர்த்து மறைக்கும். யூவி தடுக்கும் காண்டாக்ட் லென்ஸ்கள் கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் அவை கார்னியாவையும் அதன் பின்னால் இருப்பதையும் மட்டுமே காக்கும். இமையும் வெண்விழியின் பெரும்பகுதியும் வெளியேதான் இருக்கும், அதனால் மேலே கண்ணாடியும் தேவை.

மூன்றாம் படி: தொப்பி

சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் அகலமாவது விளிம்பு உள்ள தொப்பி, கண்ணில் விழும் யூவியைப் பாதியளவு குறைக்கும். முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் பக்கத்தை விட்டுவிடும். குடையும் மர நிழலும் உதவும்தான். ஆனால் தெளிந்த வானத்திலும் யூவிபியில் ஏறத்தாழ பாதி நேர்வெயிலாக வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. நிழலில் உட்கார்ந்து நீல வானத்தை நிறையப் பார்க்க முடிகிறது என்றால், வானமும் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடியும் தொப்பியும் ஒன்றின் ஓட்டையை ஒன்று அடைக்கும். இரண்டையும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இமைத் தோலை மறக்காதிருப்பது

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. முகத்துக்கு சன்ஸ்கிரீன் எனும் வெயில் தடுப்புக் களிம்பு போடுபவர்கள்கூட அதை விட்டுவிடுகிறார்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 84 பேரை முகத்தில் பூசிக்கொள்ளச் சொல்லி, யூவி கேமராவில் படம் எடுத்து 2019இல் வெளியிட்டார்கள். சன்ஸ்கிரீன் பூசியபோது முகத்தில் சுமார் 11 சதவீதம் விடுபட்டது, எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு எண்) சேர்த்த மாய்ஸ்சரைசரில் சுமார் 17 சதவீதம். அதிகம் விடுபட்டவை இமையும் மூக்கை ஒட்டிய கண் ஓரமும். அடிச்செல் புற்றுக்குப் பிடித்த இடங்களும் அவைதான்.

எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, யூவிஏ, யூவிபி இரண்டையும் தடுக்கும் சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை பொதுவாகக் கண்ணை அவ்வளவாக எரிக்காது. குச்சி வடிவில் வருபவை வியர்வையில் வழிந்து கண்ணுக்குள் இறங்குவது குறைவு. கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் மேல் இமை, கீழ் இமை, கண் ஓரம் என்று மெல்ல ஒற்றுங்கள். முடி வேர்விடும் விளிம்பில் வேண்டாம். என்ன செய்தும் எரிகிறதா? சரி, இமையை விட்டுவிடுங்கள். அப்போது நல்ல அகலமான கண்ணாடிதான் இமைக்கும் காப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும்.

ஐந்தாம் படி: கூடுதல் கவனம் வேண்டிய இடங்கள்

புதிதாக விழுந்த பனி யூவியில் 80 சதவீதம் வரை எதிரொளிக்கும். கடல் நுரை சுமார் 25, காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதம். புல்லும் மண்ணும் 10க்குக் கீழே. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் யூவி ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். பனி மூடிய மலைக்குச் சுற்றுலா போகும்போது ஊரில் போடும் கண்ணாடி போதாது; பக்கம் முழுவதும் மூடியது வேண்டும்.

கார். முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டிச் செய்தது, யூவிஏவை நன்றாகவே தடுக்கும். பக்கக் கண்ணாடி அப்படி இல்லை. 29 கார்களில் அளந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், முன்கண்ணாடி சராசரியாக 96 சதவீதம் தடுத்தது; பக்கக் கண்ணாடி சராசரி 71, சில கார்களில் 44 வரை இறங்கியது. நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு ஜன்னல் பக்கக் கண் தினமும் வாங்கிக்கொள்கிறது. இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் யூவி காப்புள்ள வைசரைக் கேட்டு வாங்கி, அதை இறக்கி ஓட்ட வேண்டும்.

வெல்டிங் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பொறியில் யூவிசியும் இருக்கிறது. வளிமண்டலம் வடிகட்டித் தர அங்கே இடமே இல்லை. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அதற்கு எந்த வகையிலும் ஈடாகாது. வேலைக்கு ஏற்ற எண் உள்ள வெல்டிங் முகமூடிதான் வேண்டும். செய்பவர் முகமூடி போட்டிருப்பார், பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் வெறுங்கண்ணோடு நிற்பான். அவனுக்கும் ஒரு முகமூடி கொடுங்கள். வழியில் போகிறவர்களுக்காக ஒரு தடுப்புத் திரையும் வையுங்கள்.

சூரியனை நேராகப் பார்ப்பது தனி ஆபத்து. கிரகணத்தின்போது வெளிச்சம் மங்குவதால் கண் கூசாது, உற்றுப் பார்த்துவிடுவோம். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்தது சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறையும்போதுதான் தெரியும். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். இரண்டு மூன்று கூலிங் கிளாஸை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் காப்பாற்றாது.

மருந்துகளையும் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் (நுண்ணுயிர்க்கொல்லி), ஹைட்ரோகுளோரோதயசைடு (ரத்த அழுத்த மாத்திரை), அமியோடரோன் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து) போன்றவை உடலை வெயிலுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டச் செய்யும். தோல் நோய்க்காக சோராலன் மாத்திரையும் ஒளி சிகிச்சையும் எடுப்பவர்கள், மாத்திரை எடுத்ததிலிருந்து 24 மணி நேரம் யூவி காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு

குழந்தைகளின் லென்ஸ் தெளிவாக இருப்பதால் பெரியவர்களைவிட அதிகமான யூவி விழித்திரை வரை போகிறது. அதற்காக அவர்களை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே விளையாடும் நேரம் கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது. அது அவர்கள் கண்ணுக்கு மருந்து. அகல விளிம்புத் தொப்பி, நிழலில் விளையாட இடம், பிறகு ரப்பர் பட்டையோடு வரும் யூவி400 குழந்தைக் கண்ணாடி. பொம்மைக் கடையில் கிடைக்கும் கலர் கண்ணாடி விளையாட்டுச் சாமான் மட்டுமே. தொப்பியைப் பிள்ளை கழற்றி வீசும், வீசட்டும். நீங்கள் தினமும் அணிந்தால் அதுவும் கொஞ்ச நாளில் அணியும்.

கடைசிப் படி: மாதம் ஒரு முறை கண்ணாடி முன்

நல்ல பகல் வெளிச்சத்தில், இரண்டு நிமிடம் போதும். இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இமை விளிம்பில் முடி வரிசை ஒரே சீராக இருக்கிறதா? கீழ் இமையைக் கீழே இழுத்து மேலே பாருங்கள். பிறகு இடது, வலது, கீழே என்று கண்ணை ஓட்டி வெண்விழி முழுவதையும் பாருங்கள். மேல் இமையை விரலால் தூக்கினால்தான் அதன் கீழே இருக்கும் வெண்விழி தெரியும். புதிதாக ஏதாவது தெரிந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட உதவும்.

இமையில் ஆறாத புண், பொருக்குத் தட்டி ரத்தம் கசிவது, நடுவில் குழிந்து ஓரம் முத்து போல மினுங்கும் மேடு, ஓரிடத்தில் மட்டும் முடி உதிர்வது, வெட்டி எடுத்தும் அதே இடத்தில் திரும்ப வரும் கட்டி, ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும் இமைச் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வெண்விழியில் ஜெல்லி போலவோ வெள்ளையாகத் தடித்தோ வளர்வது, வயது வந்த பிறகு ஒரு கண்ணில் புதிதாகத் தோன்றும் பழுப்புத் திட்டு, இருந்த மச்சம் பெரிதாவது, கண்மணியின் வடிவம் மாறுவது, பார்வையில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, ஓரத்தில் நிழல் விழுவது ஆகியவையும் அப்படியே. கடைசி இரண்டுக்கும் அன்றைக்கே போக வேண்டும். விழித்திரை விலகலாகவும் இருக்கலாம்.

ஒன்றுமே இல்லை என்றாலும், 40 வயதை ஒட்டி ஒரு முறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் வரும் கட்டி வெகுநாள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும், அதை இப்படித்தான் பார்க்க முடியும். அன்று திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டாம். விரிந்த கண்மணியோடு வெயிலில் வர வேண்டியிருக்கும், கண்ணாடியையும் எடுத்துப் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எப்போதிலிருந்து இருக்கிறது, எத்தனை வருடம் வெயிலில் வேலை செய்தீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், போனில் எடுத்த படங்களைக் காட்டுங்கள். கட்டியை அகற்றுவதாக இருந்தால், எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் பெரியம்மாவுக்காக அந்தக் கேள்வியை ஒன்றரை வருடம் முன்பே நாங்கள் கேட்டிருக்கலாம்.